மனித பி செல்லைத் தூண்டிப் பார்ப்பது எப்படி: பினாங்கில் புதிதாக ஆய்வு தொடங்குபவர்களுக்கு

முதுநிலை ஆய்வுக்கு வந்து, மனித பி செல் தூண்டலில் மேற்பரப்பு மூலக்கூறுகளின் பங்கு என்று தலைப்பு மட்டும் கையில் கிடைத்து, அடுத்து எதைத் தொடுவது என்று தெரியாமல் விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி செல் என்பது ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணு; ஆன்டிபாடி என்பது கிருமி போன்ற வேற்றுப் பொருளைப் பிடிக்கும் புரதம். பினாங்கில் இந்த வேலையை அடி முதல் நுனி வரை செய்து முடித்த கையோடு எழுதுவது இது. சோதனை என்னவோ ஒரு வாரத்து வேலைதான். அதற்கு முன்னால் நிற்கும் காகிதமும் கொள்முதலும் ஐந்தாறு மாதத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை கெட்டுப்போகும் விதங்களில் பாதிக்குமேல் ஒரே ரகம். நாம் தூண்ட நினைத்த மூலக்கூறைத் தொடுவதற்கு முன்பே வேறு எதையோ தொட்டுவிட்டிருப்போம். பிரித்தெடுக்கும் கிட், தூண்டும் ஆன்டிபாடி, சீரம், தட்டணுக்கள் எல்லாமே பி செல்லின் மேல் கைவைக்கக்கூடியவை. எந்தப் படியில் நின்றாலும், இங்கே எது செல்லைத் தொடுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்த மூலக்கூறு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மேற்பரப்பு மூலக்கூறுகள் என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் நெறிமுறைக் குழுவும் கேள்வி கேட்கும், பட்ஜெட்டும் கட்டுப்படாது. ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

நடுவில் இருப்பது பி செல் ஏற்பி. தொடக்கநிலை செல்லில், அதாவது இன்னும் ஆன்டிஜெனைச் சந்திக்காத செல்லில், ஐஜிஎம், ஐஜிடி என்ற ஆன்டிபாடி வகைகளின் வடிவில் இருக்கும். ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி பிடிக்கும் வேற்றுப் பொருள், இதைப் பிடித்துக் கொத்தாகச் சேர்த்தால், உள்ளே லின், சிக் என்ற கைனேஸ் என்சைம்கள் வேலையைத் தொடங்கும். சில நொடிகளில் கால்சியம் ஏறும்.

அந்தச் சைகையைப் பெருக்கிக் கொடுப்பது சிடி19, சிடி21, சிடி81 கூட்டணி. சிடி என்று எண்ணோடு வருபவை எல்லாம் செல்லின் மேற்பரப்பு மூலக்கூறுகளின் பெயர்கள். சிடி21 பிடிப்பது சி3டி என்ற நிரப்புப் புரதத் துண்டை. சி3டி ஒட்டிய ஆன்டிஜென் வந்தால் ஏற்பியும் இந்தக் கூட்டணியும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், மிகக் குறைந்த ஆன்டிஜெனுக்கே செல் விழித்துக்கொள்ளும். சிடி81 இல்லையென்றால் சிடி19 மேற்பரப்புக்கு ஒழுங்காக வந்து சேராது. சிடி19 குறைபாட்டோடு பிறந்த நோயாளிகளைப் பற்றி 2006-இலும், சிடி81 குறைபாட்டைப் பற்றி 2010-இலும் அறிக்கைகள் வந்தன. அவர்கள் ரத்தத்தில் பி செல் இருந்தது, ஆனால் ஆன்டிபாடி போதவில்லை. உங்கள் ஆய்வு முன்மொழிவில் இந்தத் தலைப்பு ஏன் முக்கியம் என்ற பத்திக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தடுக்கும் பக்கத்தில் சிடி22-உம் சிடி32பி-உம். சிடி22, சியாலிக் அமிலத்தைப் பிடித்து எஸ்எச்பி-1 என்ற பாஸ்பட்டேஸை, அதாவது சைகையை அணைக்கும் என்சைமை, அழைத்து வரும். சிடி32பி, ஐஜிஜி ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும். பி செல்லில் இருக்கும் ஒரே ஐஜிஜி வால் ஏற்பி இதுதான். ஏற்பியோடு சேர்த்து இதுவும் இழுக்கப்பட்டால் எஸ்எச்ஐபி என்ற இன்னொரு பாஸ்பட்டேஸ் வந்து சைகையை அடக்கும். சிடி32பி என்ற பெயரை மறக்காதீர்கள், 4-ஆம் படியில் பணம் கேட்கப்போவது இதுதான்.

பிறகு சிடி40. துணை டி செல்லில் இருக்கும் சிடி40-லிகண்ட் இதைப் பிடித்தால்தான் செல் பெருகி, ஐஜிஎம்-இலிருந்து ஐஜிஜி போன்ற வகைகளுக்கு மாறும். அந்த லிகண்டில் பழுது இருப்பவர்களுக்கு ஐஜிஎம் மட்டும் இயல்பாகவோ ஏறியோ இருக்கும், மற்றவை குறைந்துபோகும்.

கடைசியாக டிஎல்ஆர்9, கிருமிகளின் டிஎன்ஏவை உணரும் ஏற்பி. இது செல்லுக்கு உள்ளே எண்டோசோமில் இருப்பதால் உங்கள் தலைப்புக்குள் கறாராக வராது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும்.

முதல் முறை செய்பவர் என்றால் ஏற்பியும் சிடி40-உம் சேர்ந்த சோதனையைத் தொடங்குங்கள். சிடி22 ஆய்வு கவர்ச்சியாக இருக்கும், ஆனால் பக்கத்துச் செல்லின் சியாலிக் அமிலம், சொந்தச் செல்லின் சியாலிக் அமிலம் என்று இரண்டும் அதைப் பிடித்துக் குழப்பும். முதல் ஆண்டில் அது வேண்டாம்.

2. தடுப்பூசியை இன்றைக்கே தொடங்குங்கள்

மனித ரத்தத்தைக் கையாள ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. சிறுவயதில் போட்டிருந்தாலும் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு மி.லி.க்கு 10 மில்லி அலகாவது இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். ஆய்வகப் பொறுப்பாளர் அந்தச் சீட்டைக் கேட்காமல் விட மாட்டார். இது கையில் இல்லாததால் எல்லா அனுமதியும் கிடைத்த பிறகும் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. காகித வேலை

முதலில் ரத்தம் எங்கே எடுக்கப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள், ஏனென்றால் எந்தக் குழுவிடம் போவது என்பது அதைப் பொறுத்தது. சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக் என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில், அதாவது என்எம்ஆர்ஆர்-இல், பதிவு செய்து அமைச்சின் நெறிமுறைக் குழு வழியாகப் போக வேண்டும். பல்கலைக்கழக வளாகத்திலேயே சக மாணவர்களிடம் எடுப்பதென்றால் பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழு. யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குழு உண்டு. பாதி ரத்தம் வளாகத்திலும் பாதி அரசு மருத்துவமனையிலும் என்று திட்டம் போட்டால் இரண்டு கதவையும் தட்ட வேண்டிவரும். முடிந்தால் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தயார் செய்ய வேண்டியவை: ஆய்வு முன்மொழிவு, பங்கேற்பாளர் தகவல் தாள், சம்மதப் படிவம், கேள்வித்தாள், ஆய்வாளர்கள் அனைவரின் தன்விவரம், துறைத்தலைவரின் கையெழுத்து. நல்மருத்துவ ஆய்வுப் பயிற்சிச் சான்றிதழ், அதாவது ஜிசிபி, கேட்கப்படலாம். அந்த வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், எனவே முதலிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். தகவல் தாளும் சம்மதப் படிவமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களையும் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் தமிழிலும் வேண்டும்.

அந்தத் தமிழ்த் தாளை நாமே எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்டர்வொர்த்தில் ரத்தம் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போடும் முன்பு கேட்டது: "இதுல இனிப்புநீர் இருக்கான்னு பார்த்துச் சொல்வீங்களா தம்பி?" இல்லை ஐயா, இது வேற ஆராய்ச்சி என்றதும் அவர் முகம் சற்று வாடியது. தனிப்பட்ட சோதனை முடிவு எதுவும் தரப்படாது என்பதைத் தாளின் மேற்பகுதியிலேயே எழுதுங்கள், கடைசிப் பக்கத்தில் அல்ல. எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதும் இடத்தில் மேசைக்கரண்டிக் கணக்கையும் போடுங்கள். 30 மி.லி. என்பது இரண்டு மேசைக்கரண்டி என்றால் அம்மாமார்களுக்கு உடனே புரிகிறது.

சரி, எத்தனை மி.லி. கேட்பது? கணக்கைப் போட்டுவிட்டு எழுதுங்கள். ஒரு மி.லி. ரத்தத்தில் ஒன்று முதல் இரண்டு மில்லியன் ஒற்றைக்கரு வெள்ளணுக்கள் கிடைக்கும். அதில் பி செல் தோராயமாக 5 முதல் 10 விழுக்காடு. 30 மி.லி. எடுத்தால் ஒன்றரை முதல் ஆறு மில்லியன் வரை பி செல், அதிலும் பிரிக்கும்போது ஒரு பங்கு போய்விடும். ஐந்து நிலைகள், ஒவ்வொன்றுக்கும் வளர்ப்புத் தட்டில் மூன்று குழிகள், குழிக்கு ஒரு லட்சம் செல் என்றால் ஒரு நேரப்புள்ளிக்கே ஒன்றரை மில்லியன் வேண்டும். மூன்று நேரப்புள்ளிக்கு 30 மி.லி. பலரிடம் போதாது. விண்ணப்பத்தில் 30 என்று எழுதிவிட்டுப் பிறகு 50 எடுக்க முடியாது. திருத்த விண்ணப்பம் போட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.

மீதமாகும் செல்லை உறையவைத்துப் பிறகு பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதற்கும் தனியாகச் சம்மதக் கட்டம் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதென்றால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும்.

யாரை விலக்குவது என்ற பட்டியலில் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், அண்மையில் தடுப்பூசி போட்டவர்கள் ஆகியோரோடு அண்மையில் டெங்கி வந்து தேறியவர்களையும் கண்டிப்பாகச் சேருங்கள். டெங்கியின்போது ரத்தத்தில் பிளாஸ்மாபிளாஸ்ட் செல்கள், அதாவது ஆன்டிபாடி சுரக்கத் தொடங்கிவிட்ட பி செல்கள், ஏராளமாகப் பெருகும். நீங்கள் தூண்டுவதற்கு முன்பே தூண்டப்பட்ட பி செல் கையில் கிடைக்கும். இந்த ஊரில் இது அரிதான விஷயமல்ல.

விண்ணப்பம் முதல் அனுமதி வரை மூன்று மாதத்தை ஒதுக்கி வையுங்கள். அனுமதிக் கடிதத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

4. வாங்க வேண்டியவை

காகிதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்டரையும் தொடங்குங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கொட்டேஷன் சேர்க்க வேண்டும், அப்புறம் எல்.ஓ. என்ற கொள்முதல் ஆணை வெளிவர வேண்டும், அதற்குப் பிறகுதான் விற்பனையாளர் வெளிநாட்டுக்கே ஆர்டர் போடுவார். கையிருப்பா, இண்டென்ட்டா (வெளிநாட்டிலிருந்து தருவிப்பதா) என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் கேளுங்கள். இண்டென்ட் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயங்களில் இன்னும் இழுக்கும். குளிர்பதனப் பொருளை வெள்ளிக்கிழமை தரையிறங்கும்படி விடாதீர்கள். சுங்கத்தில் சனி ஞாயிறு கிடந்து ஐஸ் கரைந்து வந்த பெட்டியை எந்த விற்பனையாளரும் சுலபத்தில் மாற்றித் தருவதில்லை. திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேரும்படி கேளுங்கள்.

விலை: நிறமேற்றிய ஆன்டிபாடி குப்பி ஒன்று ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். பிரித்தெடுக்கும் கிட் சில ஆயிரம். எட்டு நிறப் பேனல், அதாவது ஒரே செல்லில் எட்டு மூலக்கூறைப் பார்க்கும் ஆன்டிபாடித் தொகுப்பு, என்று ஆசைப்பட்டால் ஆண்டு மானியம் முழுவதும் அங்கேயே போய்விடும். ஐந்து நிறம் போதும்.

இனி, தவறாக வாங்கிவிடும் பொருள்கள்.

ஐஜிஎம்-க்கு எதிரான தூண்டும் ஆன்டிபாடி. இதை முழு ஐஜிஜி வடிவில் வாங்காதீர்கள். அதன் வால் சிடி32பி-யைப் பிடித்து ஏற்பியோடு சேர்த்து இழுக்கும், தூண்டலும் தடுப்பும் ஒரே நேரத்தில் நடக்கும். வால் வெட்டப்பட்ட எஃப்ஏபி-2 துண்டாகக் கேளுங்கள். கொட்டேஷனில் ஐஜிஎம் ஆன்டிபாடி என்று மட்டும் எழுதினால் விற்பனையாளர் மலிவான முழு வடிவத்தைத்தான் போடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பொருள் எண்ணோடு எழுதுங்கள். தடுப்புச் சைகையையே ஆராய்வதென்றால் மட்டும் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உண்மையில் அது ஓர் அழகான சோதனை.

சோடியம் அசைட். சாயமிடும் ஆன்டிபாடிகளில் பதப்படுத்துவதற்காக இது இருக்கும். வளர்ப்பில் போட்டால் செல் செத்துவிடும். தூண்டலுக்கு வாங்குவது அசைட் இல்லாததாக, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு குறைந்ததாக இருக்க வேண்டும்.

சிபிஜி. டிஎல்ஆர்9-ஐத் தூண்டும் செயற்கை டிஎன்ஏ துண்டு இது. மனித செல்லுக்கு 2006 என்ற எண். 1826 எலிக்கானது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும்.

எல்பிஎஸ். டிஎல்ஆர்4 என்ற ஏற்பியைத் தூண்டும் பாக்டீரியாச் சுவர்ப் பொருள். எலி ஆய்வு செய்த அண்ணனோ அக்காவோ எல்பிஎஸ் போட்டாலே பி செல் துள்ளும் என்பார்கள். எலியில் சரி. மனித பி செல்லில் டிஎல்ஆர்4 மிகக் குறைவு, எனவே பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

சிடி40-லிகண்ட். தனித்தனி மூலக்கூறாக வருவது பலவீனமானது. கொத்தாக்கிய வடிவம் அல்லது கொத்தாக்கும் துணை ஆன்டிபாடியோடு வரும் கிட் வாங்குங்கள். மேற்பரப்பில் ஏற்பிகளை ஒன்றுசேர்ப்பதுதான் சைகையே, வெறுமனே தொடுவது போதாது.

5. ரத்தம் எடுக்கும் நாள்

காலையில் எடுங்கள், அன்றைக்கே பிரியுங்கள். ஹெப்பாரின் குழாய், பச்சை மூடி. ஊதா மூடி ஈடிடிஏ குழாயிலும் பிரிக்கலாம், ஆனால் ஈடிடிஏ கால்சியத்தைக் கட்டிவைக்கும் என்பதால் கால்சியம் அளக்கப்போகிறவர்கள் பச்சையோடு நிற்பது நல்லது.

ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். அறை வெப்பம்தான் வேண்டும், 18 முதல் 25 டிகிரி. பினாங்கு வெயிலில் நிறுத்திய கார் அறை வெப்பம் அல்ல. பெருநிலத்தில் செபராங் ஜெயா பக்கம் எடுத்துக்கொண்டு தீவுக்கு வருவதென்றால் பாலத்து நெரிசலை நினைத்துப் பாருங்கள். மூன்றடுக்குப் பெட்டியில், உறையவைக்காத குளிர்ப்பட்டையோடு, ஏர்கான் ஓடும் காரில் கொண்டுவாருங்கள்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்களிடமும், தைப்பூச விரதத்தின்போது நம்மவர்களிடமும் நாள் கேட்காதீர்கள். ஒப்புக்கொள்வார்கள், ஆனால் வெறும் வயிற்றில் மயங்கி விழுந்தால் அறிக்கை எழுதப்போவது நீங்கள்.

6. தொடாமல் பிரியுங்கள்

ஃபைக்கால், அதாவது செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம், அடர்த்தி 1.077. முதல் நாள் இரவே குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். ரத்தத்தைச் சம அளவு உப்புக் கரைசலில் கலந்து, ஃபைக்கால் மேல் குழாயைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். 400 ஜி, 30 நிமிடம், பிரேக் அணைத்திருக்க வேண்டும். மையவிலக்கியை உங்களுக்கு முன்னால் பயன்படுத்தியவர் பிரேக்கை முழுசாக வைத்துவிட்டுப் போயிருப்பார், எனவே ஒவ்வொரு முறையும் பாருங்கள். சரியாக வந்தால் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அடியில் சிவப்பு, நடுவில் தெளிந்த ஃபைக்காலுக்கு மேலே மெல்லிய வெண்புகைப் படலம். அதுதான் வேண்டும். பிரேக் போட்டிருந்தால் அந்தப் படலம் கலைந்து பிளாஸ்மாவெங்கும் மேகமாக நிற்கும்.

அடுத்து தட்டணு. இதைப் பலர் சட்டை செய்வதில்லை. விழித்துக்கொண்ட தட்டணுக்களின் மேற்பரப்பிலும் சிடி40-லிகண்ட் உண்டு. அவற்றை விட்டுவைத்தால் உங்கள் தூண்டாத குழியிலும் சிடி40 தூண்டப்படும். 120 முதல் 200 ஜி-யில் பத்து நிமிடம், இரண்டு முறை கழுவுங்கள். மேலே கலங்கலாக நிற்பது தட்டணு, ஊற்றிவிடுங்கள்.

பி செல்லை மட்டும் பிரிக்கும்போது எதிர்மறைத் தெரிவு கிட்டைப் பயன்படுத்துங்கள். அதாவது டி செல், மோனோசைட் எல்லாவற்றிலும் காந்த மணியை ஒட்டி அகற்றிவிட்டு, பி செல் தொடப்படாமல் மிஞ்சும் வகை. சிடி19 மணி ஒட்டி நேரடியாக எடுப்பது மலிவு, தூய்மையும் அதிகம். ஆனால் நீங்கள் ஆராய வந்த கூட்டணியையே காந்தத்தில் கட்டி இழுக்கிறீர்கள். பிறகு சிடி19 சாயமும் சரியாக ஒட்டாது.

7. தூண்டுதல்

ஆர்பிஎம்ஐ 1640 வளர்ப்புக் கரைசல், பத்து விழுக்காடு கன்றுக்குட்டிச் சீரம், 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி நிரப்புப் புரதத்தை முடக்குங்கள், இல்லையென்றால் சிடி21 விவகாரம் கூடவே வரும். 96 குழித் தட்டில் உருண்டை அடிக் குழியாக இருந்தால் செல்கள் நெருங்கி நிற்கும். ஐஜிஎம் எஃப்ஏபி-2 துண்டுக்கு மி.லி.க்கு 5 முதல் 10 மைக்ரோகிராமில் தொடங்கி உங்கள் கையில் எது ஒத்துவருகிறது என்று அளவு மாற்றிப் பாருங்கள்.

குறைந்தது இந்த ஐந்து நிலைகள்: ஒன்றும் போடாதது, ஐஜிஎம் மட்டும், சிடி40-லிகண்ட் மட்டும், இரண்டும், சிபிஜி மட்டும். கடைசியை ஏன் என்று கேட்பீர்கள். நினைவு பி செல், அதாவது முன்பே ஆன்டிஜெனைச் சந்தித்த செல், சிபிஜி மட்டும் போட்டாலே பெருகும், தொடக்கநிலை செல் ஏற்பிச் சைகையும் சேர்ந்தால்தான் நன்றாக அசையும். ஆளுக்கு ஆள் நினைவு செல் விகிதம் மாறும். அதனால் நினைவு செல்லையும் தொடக்கநிலை செல்லையும் பிரித்துக் காட்டும் சிடி27, ஐஜிடி இரண்டும் பேனலில் இருக்கட்டும். இல்லாவிட்டால், ஒருவருக்குத் தூண்டல் அதிகம் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் அவருக்கு நினைவு செல் அதிகம் என்பதாகவே இருக்கலாம். ஐஜிஜி-க்கு மாறிவிட்ட நினைவு செல்லில் மேற்பரப்பு ஐஜிஎம் இல்லை, அதை ஐஜிஎம் ஆன்டிபாடி தூண்டவும் தூண்டாது.

வால் ஏற்பியை மூடும் எஃப்சி பிளாக்கைத் தூண்டலுக்கு முன்பு போடாதீர்கள். அது சிடி32பி-யையும் மறைக்கும். சாயமிடும்போது மட்டும் போடுங்கள்.

வேலை செய்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாள் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். தூண்டாத குழியில் சின்னச் சின்ன உருண்டைகள் சிதறிக் கிடக்கும். இரண்டும் போட்ட குழியில் செல் பெருத்து, திராட்சைக் குலையாகக் கூடி நிற்கும்.

8. எப்போது அளப்பது

கால்சியம் என்றால் சேர்த்த ஓரிரு நிமிடத்திலேயே உச்சம் தொடும், எனவே கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சேருங்கள், முடிவில் கால்சியத்தை நேராக உள்ளே விடும் அயனோமைசின் போட்டுச் சாயம் சரிதானா என்று பாருங்கள். தூண்டப்பட்டதன் அடையாளமாக மேற்பரப்பில் ஏறுபவை சிடி69, சிடி86, சிடி80. சிடி69 சில மணி நேரத்தில் ஏறும், 6 முதல் 24 மணிக்குள் அளக்கலாம். சிடி86-க்கு 24 முதல் 48 மணி. சிடி80 சோம்பேறி, 48 முதல் 72. செல் பிரிவை, ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகும் சிஎஃப்எஸ்இ சாயம் மங்குவதை வைத்து நான்காம் ஐந்தாம் நாள். சுரந்த ஆன்டிபாடியை எலைசாவில் ஏழாம் நாளுக்குப் பிறகு.

செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சாயத்தை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரை இந்த அட்டவணைப்படி பின்னோக்கி எண்ணி முன்பதிவு செய்யுங்கள். கட்டணம் மணிக்கணக்கில், பலரும் பங்குபோடும் கருவி. செவ்வாய் ரத்தம் எடுத்தால் 24, 48, 72 மணி எல்லாம் வேலைநாளிலேயே விழும், ஆனால் நான்காம் நாள் சனி, ஐந்தாம் நாள் ஞாயிறு. வாரயிறுதியில் திறக்க ஆள் இல்லையென்றால் திங்களன்று ரத்தம் எடுத்து, பிரிவை நான்காம் நாளான வெள்ளிக்கிழமை அளக்கத் திட்டமிடுங்கள்.

சாயமிடுவதில் இரண்டு பள்ளங்கள். ஐஜிஎம்-ஐத் தூண்டிய பிறகு ஐஜிஎம் சாயம் குறைந்து தெரியும், ஏனென்றால் ஏற்பி உள்ளே போய்விட்டது, வெளியே இருப்பதிலும் உங்கள் ஆன்டிபாடியே உட்கார்ந்திருக்கிறது. சிடி40-உம் அப்படித்தான். இரண்டாவது, ஆறாம் ஏழாம் நாளில் சிடி20 இருக்கும் செல்லை மட்டும் கேட் போட்டால், அதாவது தரவில் தனியாக வட்டமிட்டு எடுத்தால், பிளாஸ்மாபிளாஸ்ட் எல்லாம் வெளியே போய்விடும், அவை சிடி20-ஐ இழந்தவை. சிடி27-உம் சிடி38-உம் உயர்ந்து நிற்கும் இடத்தில் தேடுங்கள். செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உயிர்நிலைச் சாயம் இல்லாத தரவை யாரிடமும் காட்ட வேண்டாம்.

9. குப்பை

மனித ரத்தம் பட்டதெல்லாம் எஸ்டபிள்யூ404 வகைக் கழிவு, 2005-ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு ஒழுங்குமுறைகளின் கீழ் வருவது. மஞ்சள் பை, ஊசிக்குத் தனி மஞ்சள் பெட்டி, எடை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எடுத்துப்போகும் நாள் எது என்று ஆய்வக உதவியாளர் அக்காவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் தெரியும். அந்தக் கட்டணம் பல இடங்களில் ஆய்வு மானியத்திலிருந்தே பிடிக்கப்படும், பட்ஜெட்டில் அதற்கும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.